சனிக்கிழமை நான் வாங்காத பாட்டில்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்தேன். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் என் வாசல் பெஞ்சு நிறைந்துவிடும். இருமல், இழுப்பு, கண்ணெரிச்சல். எழுதிய மருந்தையே மறுபடி மறுபடி எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தெட்டாம் வயதில் அந்த அறையைக் காலி செய்துவிட்டு, துறைமுகத்துக்கு அருகில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் திசுநோயியல் மேற்படிப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் ஏன் என்று கேட்டவர்களிடம், படிப்பின் மேலுள்ள ஆசை என்றேன். அது பாதி உண்மை. மனித முகங்களைப் பார்த்துப் பார்த்து நான் களைத்துப்போயிருந்தேன் என்பது மறுபாதி.

திசுநோயியலில் நோயாளி நம் எதிரில் வந்து உட்காருவதில்லை. அவர் உடலிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டு மட்டும் பாட்டிலில் வரும். அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக்கி, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நோயின் பெயரை எழுதித் தரவேண்டும். அழுகையும் கேள்வியும் அறுவை மருத்துவரின் அறையோடு நின்றுவிடும். அந்த அமைதிக்காகத்தான் நான் போனேன்.

துறைத் தலைவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வகுப்பில் என்னை டாக்டர் என்பார், தேநீர் நேரத்தில் அக்கா என்பார். சேர்ந்த முதல் வாரத்தில் இரட்டை நுண்ணோக்கியின் ஒருபுறம் தாம் அமர்ந்து, மறுபுறம் என்னை அமர்த்தி, ஒரு தகட்டைக் காட்டினார். நாங்கள் ஏற்றும் சாயங்கள் இரண்டு. ஒன்று உயிரணுவின் கருவை நீலமாக்கும், மற்றது சுற்றியுள்ள சதையைச் செம்மையாக்கும். யாரோ ஒருவரின் நலமான குடல் அது. பவளச் சிவப்பு விரிந்து கிடக்க, அதில் நீலம் வரிசை வரிசையாக நின்றது. சிறு வயது முதல் செம்மேனியையும் நீல மிடற்றையும் பாடி வளர்ந்தவள் நான். கண்ணை எடுக்க முடியவில்லை. "என்னக்கா, மயங்கிட்டீங்களா?" என்றார் தலைவர். மயங்கித்தான் போனேன். உடம்பை இழிந்தது என்று எத்தனையோ பாடல்களில் பாடியிருக்கிறேன். அன்று மாலை கோயிலுக்குப் போனபோது அந்தச் சொற்கள் வாயில் எளிதாக வரவில்லை.

ஆய்வுக்கூடத்தின் மூத்த தொழில்நுட்பர் வியாசர்பாடிக்காரர், பௌத்தர். மெழுகுக் கட்டியைச் சீவுவதில் அவர் கைக்கு இணையில்லை. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தினமும் ஏதாவது சொல்வார்.

"உங்களுக்கு ஒற்றியூர்ல சாமி கீது. எனக்கு இதான்" என்று பார்மலின் கேனைத் தட்டிக் காட்டுவார். "இது இல்லேன்னா நாம ஒண்ணியும் பாக்க முடியாது டாக்டர். செத்த சதை தன்னைத்தானே தின்னுடும்."

அவர் சொன்னதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். உடலைவிட்டு வந்த சதை அந்த நொடியிலிருந்து உள்ளிருந்தே கரையத் தொடங்குகிறது. பார்மலின் அந்தக் கரைதலை நிறுத்தி, சதை எப்படி இருந்ததோ அப்படியே நிலைக்கச் செய்கிறது. பார்வைக்குத் தண்ணீர்போல் இருக்கும். மூடியைத் திறந்தால் மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவழைக்கும். சதையின் அளவுக்குப் பத்து மடங்கு பார்மலின் வேண்டும் என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் எங்கள் கவுன்டர் ஒரு மணிக்கு மூடும். தொழில்நுட்பர் போய்விட்டார். அன்றைய பொறுப்பு என்னுடையது. அறையைப் பூட்டுவதற்காகச் சாவியை எடுத்தபோது மணி ஒன்று இருபது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த தோளும் கயிறு இழுத்துத் தடித்த விரல்களும் பார்த்ததுமே கடல் தொழில் என்று சொல்லின.

"டாக்டரம்மா, இத்த இங்க குடுக்க சொன்னாங்கோ" என்று பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். திருவொற்றியூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அன்று காலை அவர் மனைவியின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். காசநோயா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். பாட்டிலில் பார்மலின் சரியாகவே ஊற்றியிருந்தது. மேலே ஒட்டிய தாளில் பெயரும் வயதும் இருந்தன.

"கவுன்டர் மூடியாச்சுப்பா. திங்கட்கிழமை காலையில எட்டரைக்குக் கொண்டு வாங்க."

"பஸ்ஸு மாறி வந்தேம்மா. வண்டியெல்லாம் நின்னுகினு கீது, கன்டெய்னர் லாரி."

"பதிவு பண்ற ஆள் போயிட்டாங்க. திங்கட்கிழமை வாங்க."

"அதுக்குள்ள கெட்டுப்பூடாதா?"

"பத்திரமா வச்சிருந்தா கெடாது" என்றேன். "கெட்டுப்போகாம பாத்துக்குங்க."

அவர் தலையசைத்து, பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஐந்து நிமிடத்தை இப்போது எழுதுவது போல அன்று நான் நினைக்கவில்லை. பதிவேடு மேசையின்மேல்தான் இருந்தது. பாட்டிலை வாங்கி, ஓர் எண் எழுதி, தட்டில் வைத்திருந்தால் போதும். பதிவாளர்தான் எழுத வேண்டும் என்பது பழக்கமே தவிர விதி இல்லை. அன்று சனிப் பிரதோஷம். திருவொற்றியூர்க் கோயிலில் நாலரைக்குத் தொடங்கும் வழிபாட்டில் எங்கள் குழு பதிகம் பாட வேண்டும். போய்க் குளித்து, மடியாக உடுத்திப் புறப்பட மூன்று மணி நேரம் இருந்தது. எனக்கு நேரமில்லை என்று என்னிடமே நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஒன்று இருபதுக்கு, ஜன்னலில் இன்னொரு முகம் வேண்டாம் என்றிருந்தது. அவ்வளவுதான்.

மாலை நன்றாகப் பாடினேன். நிலையாமையைச் சொல்லும் பதிகம் அன்று என் முறைக்கு வந்தது. பழம்பஞ்சுரப் பண். உடல் என்னும் கூடு எப்படி அழியும் என்று பாடும் இடத்தில் என் கண் கலங்கியது. அருகில் நின்ற அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்து, கேட்கவே புண்ணியம் என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அவர் வந்து காத்திருந்தார். கையில் பையில்லை. தோளில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று. மீன் ஏற்றும் பெட்டி. கவுன்டர் பலகையில் அவர் அதை இறக்கியதும் கீழே தண்ணீர் கசிந்தது.

தொழில்நுட்பர் சிரித்தார். "இன்னா நைனா, வஞ்சிரமா, வவ்வாலா? மார்க்கெட்டு அந்தாண்ட."

"மீனு இல்லண்ணா. எங்க வூட்டுக்காரி கழுத்துல எடுத்தது" என்று அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார். உடைத்த ஐஸின் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, வெளுத்த ஒரு கட்டி. பாட்டில் தனியாக, காலியாக, கழுவித் துடைத்திருந்தது.

தொழில்நுட்பரின் சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல இருந்த தண்ணி எங்க?"

"அத்த கொட்டிட்டேண்ணா" என்றார் அவர் பெருமையாக. "வூட்டுல தொறந்து பாத்தா கண்ணு எரியுது. மச்சான் மோந்து பாத்துட்டு, டேய், இது மீனுக்கு அடிக்கிற மருந்துடா, உன்ன எவனோ ஏமாத்திக்கிறான்னான். அந்த மருந்தாலதான ரெண்டு மாசமா எங்க பொயப்பே நாறிக்கினு கீது. எவனோ வெளியூரு வியாபாரி அடிச்சதுக்கு எங்க பொம்பளைங்க கூடைய தொட மாட்டன்றாங்கோ. அந்தக் கருமத்துலயா எம்பொண்டாட்டி சதைய போட்டுக் குடுப்பாங்கன்னு கொட்டிட்டு, நல்ல தண்ணில மூணு தபா அலசி, ஐஸ்ல வெச்சேன். உப்பு போட்ட ஐஸு. ரெண்டு நாளா நாலு தபா மாத்திக்கிறேன். கெட்டுப்போவாம பாத்துக்கோன்னு டாக்டரம்மா சொல்லிச்சே."

அந்த ஆண்டு மீனில் பார்மலின் அடிக்கிறார்கள் என்ற பேச்சு நகரம் முழுவதும் பரவியிருந்தது. காசிமேட்டிலும் குப்பங்களிலும் விடியற்காலையில் பிடித்து வந்த மீன்கூட விலை போகாமல் கிடந்தது. பார்மலின் என்ற சொல் எங்களுக்கு முதல் பாடம், அவர்களுக்குச் சாபம். பிடித்தது கெடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மனிதர் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர். அறிந்ததை முறையாகச் செய்திருந்தார். உப்பு ஐஸில் உயிரணுக்கள், உள்ளிருக்கும் நீர் ஊசிகளாக உறைவதால் கிழியும், நல்ல தண்ணீரில் ஊறி வெடிக்கும், உருகும் நேரமெல்லாம் கரையும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? திறக்காதீர்கள் என்ற ஒரு சொல்லைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

தொழில்நுட்பர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டியைப் புதிய பார்மலினில் போட்டுவைத்து மறுநாள் அறுத்தேன். நன்றாகப் பதப்பட்ட சுரப்பி, வேகவைத்த முட்டைபோலக் கத்திக்கு அடங்கும். இது ஊறிய பஞ்சுபோலக் கத்தியோடு இழுபட்டது. ஓரத்தில் மட்டும், நகத்தின் பிறை அளவுக்கு, சாம்பல் நிறத்தில் சற்று உறுதியாக இருந்தது. கொட்டுவதற்கு முன் சில மணி நேரம் பார்மலினில் இருந்ததால் பிழைத்த ஓரம் அது. முழுவதையும் இரண்டு மெழுகுக் கட்டிகளாக்கினேன்.

இரண்டு நாட்களில் தகடுகள் வந்தன. நடுப்பகுதியில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. துளை துளையான ஒரு மங்கல். பிறை ஓரத்தில் மட்டும் சில உயிரணுக்கள், இருக்க வேண்டியதைவிடப் பெரியவை, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. தலைவர் அந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். சிறப்புச் சாயங்களும் ஏற்றிப் பார்த்தோம். எதுவும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

"எனக்கு இந்த ஓரம் பிடிக்கல அக்கா. ஆனா இதை வச்சு ஒரு பொண்ணுக்குப் புற்றுன்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாது" என்றார். "சனிக்கிழமை ஆபரேஷன். நமக்கு எப்ப வந்தது?"

"திங்கட்கிழமை" என்றேன்.

"வீட்லயே வச்சிருந்தாங்களா? பாவம்."

அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. பதிவேடும் திங்கட்கிழமை என்றே சொன்னது. அன்று முதல் அந்தப் பதிவேட்டின் பின்னால் நின்றுகொண்டேன்.

திசு பதப்படவில்லை, கருத்துச் சொல்ல இயலாது, மீண்டும் திசு எடுத்து அனுப்பவும் என்று அறிக்கை போயிற்று. வெள்ளிக்கிழமை அவர் அதை வாங்க வந்தார். ஆங்கிலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டுக்குதும்மா?"

"சதை சரியாப் பதப்படல. மறுபடியும் கொஞ்சம் எடுத்து அனுப்பணும்."

"மறுபடி கத்தியா?" அவர் முகம் சுண்டியது. "ஐஸ்லதான வெச்சிகினு இருந்தேன். நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

"உங்க மேல தப்பில்ல" என்றேன். "இது சில சமயம் இப்படி ஆகும்."

ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவரைக் காப்பாற்றுவதாகவும் நினைத்தேன். அந்த வாக்கியம் யாரைக் காப்பாற்றியது என்பதை யோசிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. நான் சிறு வயதிலிருந்து பாடும் அடியார்கள் எல்லாரும் தம் குற்றத்தை முதலில் வைத்துத்தான் இறைவனிடம் பேசத் தொடங்குகிறார்கள். நாயேன் என்கிறார்கள், பிழைத்தேன் என்கிறார்கள். அந்தச் சொற்களை நாற்பது ஆண்டுகள் பண்ணோடு பாடியிருக்கிறேன். அவை எனக்கு நன்றாக மனப்பாடம், மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்பது உட்பட.

அந்தப் பெண் மறுபடி கத்தி வைக்க ஒப்பவில்லை. நர்சிங் ஹோமில் காசநோய் என்றே கொண்டு மருந்து தொடங்கினார்கள். எங்கள் பகுதியில் கழுத்துக் கட்டி என்றால் முதலில் நினைப்பது அதைத்தான். பெரும்பாலும் அது தவறாகவும் இருப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்ச நாள் பசியெடுத்தது, மீன் கூடை தூக்கினாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். அந்த ஏழு மாதத்தில் நான் ஒருமுறையும் விசாரிக்கவில்லை. நர்சிங் ஹோமின் எண் எங்கள் கவுன்டர் சுவரில் ஒட்டியிருந்தது.

ஏழாம் மாத இறுதியில், எங்கள் மருத்துவமனையின் வார்டிலிருந்தே ஒரு சிறு பாட்டில் வந்தது. கழுத்தின் இருபுறமும் அக்குளிலும் கட்டி, மூச்சு வாங்குகிறது, ஊசியால் எடுத்த திசு என்று சீட்டில் இருந்தது. பெயரும் வயதும் ஊரும் தெரிந்தவை. மெல்லிய நூல்போன்ற மூன்று துண்டுகள். பார்மலின் தெளிவாக இருந்தது. பதப்படுத்தும்போது தொலையாமலிருக்க நானே அவற்றைத் தாளில் மடித்து வைத்தேன். சாயமேற்றி வந்த தகட்டைப் பார்த்தபோது நீலமும் சிவப்பும் அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தன. ஓரத்தில் நான் ஏழு மாதம் முன் பார்த்த அதே பெரிய உயிரணுக்கள் இப்போது தகடு முழுவதும் பரவியிருந்தன. நிணநீர்ச் சுரப்பியில் எழும் புற்று. விரைந்து பரவும் வகை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படுவது.

தலைவர் பழைய தகட்டையும் எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அந்த ஓரம்" என்றார்.  நான் இரண்டு தகடுகளையும் தட்டில் அடுக்கினேன்.

புற்றுநோய்க்கான பெரிய மருத்துவமனைக்கு அவளை அனுப்ப முடிவாயிற்று. அங்கே சேரும்போது எங்களிடமுள்ள மெழுகுக் கட்டிகளையும் தகடுகளையும் குடும்பத்தாரே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுபடி சீவிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம்.

அவர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பழைய இரண்டு கட்டிகளையும் புதிய ஒன்றையும் சிறிய பெட்டியில் வைத்து நான் நீட்டினேன். விரல் நுனியளவுள்ள வெள்ளை மெழுகு. அவர் வாங்காமல் அதையே பார்த்தார்.

"இதுக்குள்ள அவ சதையா கீது?"

"ஆமாம்."

"இத்த எப்டிம்மா எடுத்துகினு போறது? ஐஸு வெக்கணுமா?"

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம். இனிமே இது கெடாது. சட்டைப் பையிலகூட வச்சுக்கலாம்" என்றேன். பிறகு, அந்தக் கேள்விக்குப் பிறகும் மறைக்க முடியாமல், சொன்னேன். "அன்னைக்கு அந்தப் பாட்டில்ல இருந்த தண்ணியைக் கொட்டியிருக்கக் கூடாது. அதுதான் சதையைக் காப்பாத்துற மருந்து. அது போனதாலதான் அன்னைக்கு எங்களால நோயைக் கண்டுபிடிக்க முடியல."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான்தான்" என்றார்.

இல்லை, நீங்கள் சனிக்கிழமையே கொண்டுவந்தீர்கள், நான்தான் வாங்காமல் அனுப்பினேன் என்பதே அடுத்து வர வேண்டிய வாக்கியம். அது என் நாக்கில் இருந்தது. அதற்குள் அவர் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவளாண்ட சொல்லாதம்மா. உன் கால்ல வுழறேன். எதுனா வேற சொல்லிக்கோ. நான்தான் கொட்டினேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன். என் வாக்கியம் உள்ளேயே போயிற்று. அவருடைய இரகசியத்தைக் காப்பவளாக நான் மாறிவிட்டேன். அந்த இடம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவள் வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தகடுகள் உடையாமலிருக்க இன்னும் ஓர் அட்டை சுற்றித் தரலாம் என்று நான் எழுந்து போனேன். கழுத்து புடைத்திருந்தது. மூச்சு வாங்கினாலும் கண்கள் குறும்பாக இருந்தன.

"நீதான் சதை டாக்டரா?" என்றாள். "இந்த ஆளு அன்னிக்கு உன்னாண்ட ஐஸ் பொட்டிய தூக்கினு வந்துச்சாமே."

"வந்தாரு."

"நீ அந்தக் கூத்த பாக்கலியே. ரெண்டு நாளு போட்டுக்குப் போவல. பெரிய வஞ்சிரம் ஒண்ணு, பொட்டில எடம் இல்லன்னு தூக்கித் தம்பிகாரனுக்குக் குடுத்துச்சு. என் சதைக்கு ஐஸு மாத்திக்கினே குந்தினு இருந்துச்சு. நான் ஆபரேசன் முட்ஞ்சி வலில கெடக்கிறேன், எனக்கு ஒரு டீ வாங்கித் தர ஆளில்ல." மூச்சு வாங்க நிறுத்தினாள். "பொண்டாட்டிய ஐஸ்ல வெச்ச ஆளு. குப்பம் பூரா அதே பேச்சு."

"சும்மா இருடி" என்றார் அவர், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"இன்னா சும்மா. கல்யாணம் கட்டி பதினாறு வருசத்துல எனக்காக செஞ்சது அது ஒண்ணுதான்" என்றாள் அவள். சொன்ன விதத்தில் கேலி பாதிதான் இருந்தது.

நான் அட்டையைச் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். ஆட்டோவில் ஏறும்போது அவள் பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பிரதோஷங்களுக்கு நான் பாடப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவதற்குப் போனேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. இறைவன் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடம் கவுன்டருக்கு வெளியே, பேருந்து மாறி வந்து நிற்கும் ஒரு மனிதர் என்பதை அறிந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

என் இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது அவர் வந்தார். மொட்டையடித்த தலையில் முடி இலேசாக வளரத் தொடங்கியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு பெட்டியை எடுத்துப் பலகைமேல் வைத்தார். மூன்று மெழுகுக் கட்டிகளும் இருந்தன. தகடுகள் தனியாக, நான் கட்டிய கயிறோடு. எடுத்துச் செல்பவர்களில் பலர் இவற்றைத் திருப்பித் தருவதில்லை. ஆள் போன பிறகு இந்த மெழுகை யார் நினைக்கப்போகிறார்கள். நாங்களும் கேட்பதில்லை.

"திருப்பித் தரணும்னு கையெழுத்து வாங்கினியே" என்றார்.

"எப்போ?"

"பதினாறாம் நாளு நேத்து முட்ஞ்சிது. மருந்து ஏத்தினாங்கோ. ரெண்டு தபா தாங்கினா. மூணாவதுல முடியல."

தொழில்நுட்பர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

"அவளாண்ட சொல்லாதன்னு சொன்னேனே" என்றார் என்னிடம். "நானே சொல்லிட்டேம்மா. அந்தத் தண்ணிய நான்தான் கொட்டினேன்னு. மனசு கேக்கல. அவ போறதுக்கு நாலு நாளு முன்னாடி."

"என்ன சொன்னாங்க?"

அவர் பலகையின் விளிம்பை விரலால் தேய்த்தார். "நீ மீனு புடிக்கிறவன், உனக்கு இன்னா தெரியும்னா. அவ்ளோ தூரம் எடுத்துகினு போனியே, அன்னிக்கே அந்த டாக்டரம்மா கையில வாங்கினு இருந்தா இந்தப் பேஜாரே இல்லன்னா." உடனே என்னைப் பார்த்தார். "ஜொர வேகத்துல சொல்லிக்கிறா. நீ மனசுல வெச்சிக்காத."

"அவங்க சொன்னதுதான் சரி" என்றேன். "நான் வாங்கியிருக்கணும். பதிவேடு இங்கேதான் இருந்தது. நேரமும் இருந்தது. நீங்க கேட்டப்போ, திறக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல. தப்பு என்னோடது."

பின்னால் சீவும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. தொழில்நுட்பர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கட்டும் என்றுதான் நானும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. ஏதோ கணக்கு ஒன்றைத் திரும்ப முதலிலிருந்து போட்டுப் பார்ப்பவர்போல நின்றார்.

"இத்த அன்னிக்கு சொல்லலியே நீ."

"சொல்லல."

"நான் அத்தினி நாளும் அவ மூஞ்சிய பாக்காம சோறு ஊட்டிகினு இருந்தேன்" என்றார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். திருப்பிக் கொடுத்ததற்கான கட்டத்தைக் காட்டினேன். அவர் குனிந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். அதற்கு முன்னால் அவள் பெயரை ஒருமுறை படித்தார். பிறகு பேனாவை மூடி என் பக்கம் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அன்று மாலை தலைவரின் அறைக்குப் போய், அந்தச் சனிக்கிழமையை முதலிலிருந்து சொன்னேன். அவர் என்னை அக்கா என்று அழைக்காமல், முழுவதும் கேட்டார்.